நீர்க்கடுப்பு என்று நினைத்துத் தொலைத்த நான்கு மாதம்

முதல் தடவை எரிச்சல் வந்தது ஏப்ரல் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மும்பைப் புறநகரான டோம்பிவிலியில் ஸ்டேஷனுக்குக் கிளம்பப் பத்து நிமிடம் இருக்கும்போது. பாத்ரூமில் உட்கார்ந்தால் உள்ளே யாரோ மிளகாய்ப்பொடியைக் கரைத்து ஊற்றியது போல ஒரு காந்தல். முடிந்தது என்று எழுந்து செருப்பை மாட்டினால் மறுபடி முட்டுகிறது. ஓடிப்போய் உட்கார்ந்தால் நாலு சொட்டுதான் வருகிறது, அந்த நாலு சொட்டுக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. மூன்று தடவை செருப்பை மாட்டிக் கழற்றியதில் வழக்கமான ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலில், லேடீஸ் டப்பா என்று சொல்கிற பெண்கள் பெட்டியில் நின்றுகொண்டு, காட்கோபர் வருவதற்குள் அழுதுவிடுவேனோ என்று பயந்துகொண்டே போனேன்.

என் தினசரிப் பாதையைச் சொன்னால்தான் மற்றது புரியும். டோம்பிவிலியிலிருந்து காட்கோபர் வரை லோக்கல், அங்கே கூட்டத்தோடு படியேறி மெட்ரோ, மரோல் நாக்காவில் இறங்கிப் பன்னிரண்டு நிமிட நடை. வீட்டு வாசலிலிருந்து அலுவலக நாற்காலி வரை ஒன்றே முக்கால் மணி நேரம். லோக்கல் ரயிலில் கழிப்பறை கிடையாது. ஸ்டேஷனில் இருப்பதைப் பற்றி, அங்கே ஒரு தடவை உள்ளே போய் வந்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அலுவலகத்தில் எங்கள் தளத்தில் பெண்களுக்கு இரண்டு கழிப்பறைகள், அதில் ஒன்று எப்போதும் பூட்டு. அதனால் நான் என் உடம்பைப் பழக்கி வைத்திருந்தேன். காலையில் ஒரு டம்ளர் காபி, அதோடு சரி. கழிப்பறைக்கு மதியம் ஒரு தடவை, சாயங்காலம் கிளம்பும்போது ஒரு தடவை. எடுத்துப் போகிற அரை லிட்டர் எவர்சில்வர் பாட்டில் பாதித் தண்ணீரோடு வீடு திரும்பும். அதைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிடுவேன். "உனக்கு என்ன, ஒட்டகம் மாதிரி தாங்குறே" என்று பக்கத்து சீட்டுப் பெண் சொன்னபோது பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

அம்மாவிடம் போனில் சொன்னதும் அம்பாசமுத்திரத்திலிருந்து உடனே தீர்ப்பு வந்துவிட்டது. "சூடு தாம்மா. உச்சந்தலையில நல்லெண்ணெய வை, தொப்புள்ல ரெண்டு சொட்டு வெளக்கெண்ணெய விடு, ராத்திரி வெந்தயத்த ஊறப்போட்டுக் காலையில முழுங்கு." எல்லாம் செய்தேன். ஸ்டேஷன் வாசலில் தாட்கோலா என்று விற்கிற நுங்கை டஜன் கணக்கில் வாங்கித் தின்றேன். பார்லியைக் காய்ச்சி மோரில் கலந்து குடித்தேன். இதில் எதையும் நான் கேலி செய்யவில்லை. பார்லித் தண்ணீரில் தண்ணீர் இருக்கிறது, அது நல்லதுதான். லேசாக வந்த நீர்க்கடுப்பு நிறையத் தண்ணீர் குடித்து அடங்கிப்போவதும் உண்டு. என் பிரச்சினை வேறு: சூடு என்று பெயர் வைத்துவிட்டதால், இது கிருமித் தொற்றாக இருக்குமோ என்ற கேள்வியே எனக்கு மூன்று நாள் வரை எழவில்லை.

நாலாம் நாள் மெடிக்கல் கடைக்குப் போனேன். இந்தியில் எனக்குக் காய்கறி பேரம் பேசத் தெரியும், இதைச் சொல்லத் தெரியவில்லை. குரலைத் தாழ்த்தி "ஜலன்" (எரிச்சல்) என்று மட்டும் சொன்னேன். கடைக்காரர் நெஞ்செரிச்சல் சிரப்பை எடுத்து வைத்தார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "பேஷாப் மே ஜலன்?" (சிறுநீரில் எரிச்சலா?) என்று எனக்குப் பின்னால் நின்ற ஐந்து பேருக்கும் சேர்த்துக் கேட்டார். என் காது சூடானது இன்றும் நினைவிருக்கிறது. டாக்டர் சீட்டு எதுவும் கேட்காமல் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஆறு மாத்திரையைக் கத்தரித்து, கூடவே ஒரு இளஞ்சிவப்பு சிரப்பும் கொடுத்தார். மொத்தம் 190 ரூபாய். வேறு எதுவும் கேட்காமல் வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன். இரண்டு நாளில் எரிச்சல் நின்றது. நின்றதும் நானும் மாத்திரையை நிறுத்தினேன். மீதி இரண்டை ஃபிரிட்ஜ் மேல் இருக்கிற பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தேன், எதற்காவது உதவும் என்று.

அந்த 190 ரூபாயில் நான் செய்த தப்புகளை இப்போது எண்ண முடிகிறது. அந்த இளஞ்சிவப்பு சிரப் சிறுநீரின் புளிப்பைக் குறைத்து எரிச்சலை மட்டுப்படுத்துமே தவிர, கிருமியை ஒன்றும் செய்யாது. எரிச்சல் நின்றதற்கும் தொற்று தீர்ந்ததற்கும் சம்பந்தம் இல்லாமல் போகலாம். மாத்திரை அட்டையில் ஓரமாகச் சிவப்புக் கோடு ஒன்று இருக்கும், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்பதற்கான அடையாளம் அது. நான் அந்தக் கோட்டை டிசைன் என்று நினைத்திருந்தேன். அப்புறம், சிப்ரோ நம் நாட்டில் தொட்டதற்கெல்லாம் விழுங்கப்பட்ட மருந்து. சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமான ஈ.கோலை கிருமியில் கணிசமான பங்கு அதற்கு மசிவதில்லை. மசியாததை நாலே நாலு மாத்திரையால் சீண்டிவிட்டு நிறுத்தியிருக்கிறேன்.

மே மாதம் அடுத்தது வந்தது. இந்தத் தடவை எரிச்சலோடு அரிப்பும் இருந்தது. ரயிலில், மீட்டிங்கில், சாமி கும்பிடும்போது, எங்கேயும் நிம்மதியாக உட்கார முடியாத அரிப்பு. தயிர் திரிந்தது போல வெள்ளைப்பாடு. நான் என்ன செய்தேன்? பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். இரண்டு மாத்திரை போட்டேன், போதவில்லை என்று அதே கடையில் இன்னும் ஆறு வாங்கினேன் (இந்தத் தடவை காலி அட்டையைக் காட்டினேன், பேச வேண்டியிருக்கவில்லை). சுத்தம் போதவில்லை போலிருக்கிறது என்று விளம்பரத்தில் வருகிற வாசனை வாஷ் ஒன்றையும் 240 ரூபாய்க்கு வாங்கி, ஒரு நாளைக்கு மூன்று தடவை கழுவினேன். கழுவக் கழுவ அதிகமானது. பன்னிரண்டு நாள் இப்படிப் போனது. கடைசியில் ஒரு மகப்பேறு டாக்டரிடம் போனேன், 800 ரூபாய். அவர் ஒரே ஒரு தடவை பரிசோதித்துவிட்டு, இது சிறுநீர்த் தொற்றே இல்லை, பூஞ்சைத் தொற்று என்றார். பிறப்புறுப்பில் இருக்கிற நல்ல கிருமிகள்தான் பூஞ்சையை அடக்கி வைத்திருக்கின்றன. நான் விழுங்கிய ஆன்டிபயாட்டிக் அவற்றையும் சேர்த்துக் கொன்றிருக்கிறது. பூஞ்சைக்கு ஆன்டிபயாட்டிக் சாப்பிடுவது எரிகிற அடுப்பில் விறகு வைக்கிற மாதிரி. வாசனை வாஷை அன்றே குப்பையில் போடச் சொன்னார். உள்பக்கம் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும், வெளியே வெறும் தண்ணீர் போதும் என்றார். மூன்று இரவு உள்ளே வைக்கிற மாத்திரையில் சரியாகிவிட்டது.

அவர் என்னிடம் கேட்ட ஒரு கேள்வியை இதைப் படிக்கிற எல்லாப் பெண்களும் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். "எரிச்சல் எங்கே? உள்ளேயா, வெளியேயா?" சிறுநீர் வரும்போதே குழாய்க்குள், அடிவயிற்றுக்குள் எரிகிறதா, அல்லது வெளியே வந்து தோலில் படும்போது எரிகிறதா? உள்ளே எரிந்து, அடிக்கடி முட்டி, கொஞ்சமாக வந்து, கலங்கலாகவோ ரத்தம் கலந்தோ இருந்தால் சிறுநீர்ப்பைத் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். அரிப்பும் வெள்ளைப்பாடும் சேர்ந்து வெளியே எரிந்தால் பெரும்பாலும் கதை வேறு. இதுவும் நூற்றுக்கு நூறு இல்லை. உடலுறவால் தொற்றும் நோய்கள் சிலவும் இதே மாதிரிதான் எரியும், சிறுநீர்க் கல்லும் எரியும், கிருமியே இல்லாமல் மாதக்கணக்கில் சிறுநீர்ப்பை வலிக்கிற கோளாறும் ஒன்று உண்டு. அதனால்தான் பார்க்காமல் மருந்து கொடுக்கக்கூடாது என்கிறார்கள். நான் செய்த இன்னொரு மடத்தனம், ஏப்ரலில் நடந்ததை அந்த டாக்டரிடம் சொல்லவே இல்லை. கேட்கவில்லை, சொல்லவில்லை. கடையில் வாங்கிச் சாப்பிட்டேன் என்று சொல்ல வெட்கம்.

ஜூனில் என் கணவர் விசாகப்பட்டினத்து வேலையை முடித்துக்கொண்டு இரண்டு மாதம் கழித்து வீடு வந்தார். வந்த மூன்றாம் நாள் எனக்கு மறுபடி அதே பழைய எரிச்சல். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் இதை யாரும் எனக்குச் சொல்லாததால்தான் நான் அவரைச் சந்தேகப்படுகிற அளவுக்குப் போனேன். வெளியூரில் என்ன பழக்கமோ என்று ஒரு இரவு முழுக்கத் தூங்காமல் கிடந்தேன். அவரோ, தனக்கும் மாத்திரை வேண்டுமோ என்று திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். பின்னால் டாக்டர் விளக்கியபோதுதான் இருவருக்கும் மூச்சு வந்தது. பெண்ணின் சிறுநீர்க் குழாய் நாலு சென்டிமீட்டர்தான், ஆணுக்கு இருபது சென்டிமீட்டர் வரும். அதன் வாசலுக்குப் பக்கத்திலேயே பிறப்புறுப்பு, அதற்குப் பக்கத்தில் மலவாய். குடலில் சமர்த்தாக வாழ்கிற ஈ.கோலை தோலில் ஊர்ந்து வாசல் வரை எப்போதும் வந்துகொண்டேதான் இருக்கும். உறவின்போது அது உள்ளே தள்ளப்படுகிறது. அவ்வளவுதான். யாருடைய ஒழுக்கத்துக்கும் இதில் வேலை இல்லை. கணவருக்கு மாத்திரையும் வேண்டாம். முடிந்த கையோடு எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு வந்தால், உள்ளே போனது வெளியே அடித்துக்கொண்டு போக ஒரு வாய்ப்பு. விந்தணுவைக் கொல்லும் ரசாயனம் தடவிய ஆணுறை, களிம்பு போன்றவை தொற்றுக்கு இடம் கொடுக்கும் என்பதையும் சொன்னார். பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வந்துவிடுகிறதாம். எங்கள் லேடீஸ் டப்பாவில் ஒரு சீட்டில் நாலு பேர் நெருக்கி உட்காருவோம். அதில் இரண்டு பேர்.

ஜூன் கதையை முடிக்கிறேன். இந்தத் தடவை புத்தி வந்து பக்கத்து கிளினிக் டாக்டரிடம் போனேன். அவர் யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரில் எந்தக் கிருமி வளர்கிறது என்று பார்க்கிற டெஸ்ட், எழுதிக் கொடுத்தார், சரியாகத்தான் எழுதினார். சாம்பிள் எடுத்ததில் நான் கோட்டை விட்டேன். காலை ஆறரைக்கு அவசரத்தில் முதல் சொட்டிலிருந்தே டப்பாவில் பிடித்தேன். வீட்டுப் பக்கத்து லேப் திறக்க ஒன்பதாகும், அதற்குள் ரயில் போய்விடும் என்பதால் அலுவலகத்துப் பக்கத்தில் கொடுக்கலாம் என்று டப்பாவைப் பாலிதீன் பையில் சுற்றி, கைப்பையில் டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். ஜூன் மாதப் புழுக்கம், ரயில் நெரிசல், மெட்ரோ, எல்லாம் தாண்டி அது லேபுக்குப் போனபோது மணி ஒன்பதரை. மூன்று நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. பல வகைக் கிருமிகள் கலந்து வளர்ந்திருக்கின்றன, சாம்பிள் கெட்டிருக்கலாம், மறுபடி அனுப்பவும் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. இன்னொரு தடவை 750 ரூபாய் பிடுங்கப் பார்க்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. டாக்டரிடம் திரும்பிப் போகவில்லை. இளஞ்சிவப்பு சிரப்பைக் குடித்துக்கொண்டு ஓட்டினேன்.

சாம்பிளைச் சரியாக எடுக்கிற முறை இதுதான், பின்னால் ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தது. கையைக் கழுவி, அந்த இடத்தை முன்னாலிருந்து பின்னால் வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்துக்கொள்ள வேண்டும். இதழ்களை விரல்களால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, முதலில் வருவதைக் கழிவறையில் விட்டுவிட்டு, நடுவில் வருவதை மட்டும் டப்பாவில் பிடிக்க வேண்டும். டப்பாவின் உள்பக்கத்தில் விரல் படக்கூடாது. ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும், முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். லேபிலேயே போய்க் கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் உத்தமம். இன்னொன்று, ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன்னால் சாம்பிள் கொடுக்க வேண்டும். இரண்டு மாத்திரை போட்டுவிட்டுக் கொடுத்தால் கிருமி உள்ளே இருந்தும் ரிப்போர்ட்டில் வளராமல் போகலாம். கல்ச்சருக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை வலியோடு இருக்க வேண்டியதில்லை, சாம்பிளைக் கொடுத்துவிட்டு டாக்டர் தருகிற மாத்திரையைத் தொடங்கி, ரிப்போர்ட் வந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை மழை கொட்டியது. சாயங்காலம் காட்கோபரில் ஏறினேன். காஞ்சூர்மார்க்கைத் தாண்டி பாண்டுப் வருவதற்குள் ரயில் நின்றது. தண்டவாளத்தில் தண்ணீர். இரண்டே முக்கால் மணி நேரம். டப்பாவில் யாரோ சேவ் பொட்டலத்தைப் பிரித்துச் சுற்றுக்கு விட்டார்கள், ஒரு அம்மா பஜனை பாடினார், மும்பைக்காரர்கள் இதையெல்லாம் சமாளித்துவிடுவார்கள். நான் மட்டும் தொடையைச் சேர்த்து வைத்துக்கொண்டு மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் அதே முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். இருவரும் பார்த்துக்கொண்டோம், எதுவும் பேசிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து பாத்ரூமுக்குள் போனபோது உடனே வரவில்லை. அடக்கி அடக்கிப் பூட்டிக்கொண்டது போல, ஐந்து நிமிடம் குழாயைத் திறந்து விட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிறு இரவு குளிர் தூக்கிப் போட்டது. பல் அடித்துக்கொள்கிற குளிர், அப்புறம் 103 டிகிரி. மும்பையில் ஜூலைக் காய்ச்சல் என்றால் எல்லோர் வாயிலும் மலேரியா, டெங்கு. நானும் அதையே நம்பி இரண்டு டெஸ்டுக்கும் 1,400 ரூபாய் கொடுத்தேன், இரண்டும் இல்லை என்று வந்தது. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு இரண்டு நாள் படுத்திருந்தேன். வலப்பக்க இடுப்புக்கு மேலே, விலா முடிகிற இடத்தில் ஒரு வலி இருந்தது, ரயிலில் நின்ற அசதி என்று நினைத்து அதில் தைலம் தேய்த்துக்கொண்டேன். புதன்கிழமை குடித்த தண்ணீரெல்லாம் வாந்தியாக வந்தபோது கணவர் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே டூட்டி டாக்டர், வயதில் சின்னப் பெண், முதுகில் அந்த இடத்தில் கையை வைத்து லேசாக ஒரு தட்டுத் தட்டினார். எனக்கு உயிர் போய் வந்தது. "எத்தனை நாளாக எரிச்சல்?" என்றார். காய்ச்சல் என்றுதானே வந்தோம், எரிச்சலைப் பற்றி இந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும் என்று நான் திகைத்தேன். தொற்று சிறுநீர்ப்பையிலிருந்து ஏறி வலது சிறுநீரகத்துக்குப் போயிருந்தது.

இந்த ஒரு பத்தியை மட்டுமாவது வீட்டில் இருக்கிற பெண்களுக்குப் படித்துக் காட்டுங்கள். எரிச்சலோடு, அல்லது சமீபத்தில் எரிச்சல் இருந்து போன பிறகு, குளிர் காய்ச்சல், இடுப்புக்கு மேலே முதுகில் ஒரு பக்கம் வலி, குமட்டல், வாந்தி வந்தால் அன்றே ஆஸ்பத்திரி. மறுநாள் இல்லை. கர்ப்பிணிகள் எரிச்சல் என்றாலே தாமதிக்கக்கூடாது. அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமல் சிறுநீரில் கிருமி இருந்தால்கூட மருந்து கொடுப்பார்கள், ஏனென்றால் அது எளிதாகச் சிறுநீரகத்துக்கு ஏறிவிடும். அன்று ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

நாலு நாள் ஆஸ்பத்திரி. இந்தத் தடவை ஒழுங்காக எடுத்த கல்ச்சரில் ஈ.கோலை, ஒரு மில்லிலிட்டரில் ஒரு லட்சத்துக்கு மேல். கீழே மருந்துகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எதிரே எஸ் அல்லது ஆர். எஸ் என்றால் அந்த மருந்து கேட்கும், ஆர் என்றால் கேட்காது. சிப்ரோ ஆர். நார்ஃப்ளாக்சசின் ஆர். நான் மூன்று மாதம் நம்பியிருந்த மருந்துக் குடும்பம் மொத்தமும் ஆர். நைட்ரோஃப்யூரன்டாயின் எஸ், ஃபாஸ்ஃபோமைசின் எஸ். "அப்போ அந்த மாத்திரையைக் கொடுங்களேன், வீட்டுக்குப் போய்விடுகிறேன்" என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை. அவை சிறுநீரில்தான் நன்றாகச் சேரும், சிறுநீர்ப்பைக்கு நல்ல மருந்து, சிறுநீரகத்தின் சதைக்குள் போதுமான அளவு போகாது என்றார். அதாவது ஏப்ரலிலோ ஜூனிலோ ஒழுங்காகப் பரிசோதித்திருந்தால், ஐந்து நாள் மாத்திரையில் தீர்ந்திருக்க வேண்டியது. இப்போது ஊசி வழியாக மட்டுமே. வீட்டுக்கு வந்த பிறகும் ஆறு நாள் தினமும் ஒரு ஊசி, கையில் அந்தக் குழாயைச் சொருகிக்கொண்டே தோசை சுட்டேன்.

கணக்கைச் சொல்கிறேன், நான் கணக்குப் பிரிவில் வேலை செய்பவள், சொல்லாமல் இருக்க முடியாது. ஆஸ்பத்திரி பில் 71,400. இன்ஷூரன்ஸ் 58,000 கொடுத்தது. கையுறை, பஞ்சு, இன்னபிற என்று மீதி 13,400 நம் தலையில். வீட்டிலிருந்து போய்ப் போட்ட ஊசிகளுக்குக் கிட்டத்தட்ட 15,000. ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகான செலவையும் குறிப்பிட்ட நாட்கள் வரை பல பாலிசிகள் திருப்பித் தரும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது, அதற்குள் பாதி பில்லைத் தொலைத்துவிட்டேன். நீங்கள் ஒரு கவரில் போட்டு வையுங்கள். பதினொரு நாள் லீவு, அதில் நாலு நாள் சம்பளம் பிடித்தார்கள். டெஸ்ட், கடை மாத்திரை, வாசனை வாஷ், நுங்கு எல்லாம் தனி. ஏப்ரலில் ஒரு டாக்டரையும் ஒரு கல்ச்சரையும் பார்த்திருந்தால் 2,000 ரூபாய்க்குள் முடிந்திருக்கும்.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் சிறுநீர்ப் பாதை டாக்டரான யூராலஜிஸ்ட் அம்மா வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை போவாய் என்று கேட்டார். மூன்று என்றேன். எவ்வளவு தண்ணீர் என்றார். பாட்டில் கதையைச் சொன்னேன். அடக்குவதால் கிருமி உள்ளே பிறந்துவிடாது, ஆனால் நுழைந்த கிருமியை வெளியே தள்ள உடம்புக்கு இருக்கிற முக்கியமான வழியை நீ அடைத்து வைத்திருக்கிறாய் என்றார். அடிக்கடி தொற்று வருகிற, தண்ணீர் குறைவாகக் குடிக்கிற பெண்களை வைத்துச் செய்து 2018-ல் வெளியான ஆய்வு ஒன்றில், தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்குத் தொற்று வந்தது பாதி அளவுக்குக் குறைந்ததாம். கிரான்பெர்ரி பற்றிக் கேட்டேன், ஒரு தோழி 900 ரூபாய் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். திரும்பத் திரும்ப வராமல் தடுக்க ஓரளவு உதவலாம், வந்ததைக் குணப்படுத்தாது என்றார். ஆறு மாதத்தில் இரண்டு, ஒரு வருடத்தில் மூன்று என்று வந்தால், ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாத்திரையால் அடிக்காமல் ஏன் வருகிறது என்று பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேட்க வேண்டும், ஸ்கேன், சர்க்கரை எல்லாம் அப்போது பார்ப்பார்கள்.

தண்ணீர் குடி என்று டாக்டர் சொல்லிவிட்டார். குடித்தால் எங்கே போவது என்பதற்கு ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. 2011-ல் இதே மும்பையில் பெண்கள் "ரைட் டு பீ" (சிறுநீர் கழிக்கும் உரிமை) என்று ஓர் இயக்கமே தொடங்கினார்கள். பொதுக் கழிப்பறையில் ஆண்கள் சிறுநீர் கழிக்கக் காசு இல்லை, பெண்களுக்கு மட்டும் ஏன் காசு என்பதுதான் அவர்கள் முதலில் கேட்ட கேள்வி. நான் அப்போது கல்லூரியில் இருந்தேன், செய்தியைப் பார்த்துச் சிரித்த நினைவு இருக்கிறது. ஆகஸ்டில் வேலைக்குத் திரும்பியதும் எங்கள் தளத்துப் பெண்கள் ஒன்பது பேரிடம் கையெழுத்து வாங்கி, பூட்டியிருக்கிற கழிப்பறையைத் திறக்கச் சொல்லி மெயில் போட்டேன். சாவியைத் தேட மூன்று வாரம் எடுத்துக்கொண்டார்கள். உள்ளே பழைய கம்ப்யூட்டர் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

என்னைப் பார்த்துக்கொள்ள அத்தை ஊரிலிருந்து வந்திருந்தார். ஊசி போட்டுக்கொண்டு திரும்பிய ஒரு மதியம், பூண்டு உரித்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "எனக்குந்தாம்மா ரெண்டு வருசமா கடுக்குது. வயசாச்சுன்னா அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்." இரண்டு வருடம். மாமாவிடம்கூடச் சொல்லவில்லை. மறுநாளே கூட்டிக்கொண்டு போனேன். கல்ச்சர் எடுத்தார்கள், கிருமியே இல்லை. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைந்து அந்த இடத்துத் தோல் மெலிந்து காய்ந்து போகிறது, அதுதான் எரிகிறது, தொற்றும் அடிக்கடி வர இடம் கொடுக்கிறது என்றார் டாக்டர். அத்தையின் சர்க்கரை மாத்திரைகளில் ஒன்று, சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிற வகை. அதனால் பூஞ்சை வர வாய்ப்பு உண்டு, அரிப்பு வந்தால் சர்க்கரை டாக்டரிடம் சொல்ல வேண்டும், தானாக நிறுத்தக்கூடாது என்றார். உள்ளே தடவுகிற ஈஸ்ட்ரோஜன் களிம்பு ஒன்று எழுதிக் கொடுத்தார். எனக்கு ஏப்ரலில் வந்தது ஒன்று, மே மாதம் வந்தது இன்னொன்று, அத்தைக்கு இருந்தது மூன்றாவது. எங்கள் வீட்டில் மூன்றுக்கும் நாங்கள் வைத்திருந்த பெயர் சூடு.

களிம்பை வாங்க அதே மெடிக்கல் கடைக்குத்தான் போனோம். கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, யாருக்கு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, இந்தி ஒரு வார்த்தை தெரியாதவர், தன் நெஞ்சில் விரலை வைத்து "எனக்கு" என்று தமிழிலேயே உரக்கச் சொன்னார். போன வாரம் அம்பாசமுத்திரத்திலிருந்து போன் பண்ணினார். அந்தக் களிம்பு தீரப்போகிறதாம், பக்கத்து வீட்டு அக்காவும் பெயரைக் கேட்கிறாளாம். முதலில் அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.